பள்ளிவாசலுக்கு எதிரான மனுவில் கையெழுத்திட மறுப்பது விசுவாசத்துக்குத் துரோகமா?

வாசகரின் கடிதம்:

நாங்கள் டெக்சஸ் மாநிலத்தில் டாலஸ் நகரை ஒட்டிய ஓர் ஊரில் வசிக்கிறோம். எங்கள் தமிழ்ச் சபைக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. ஓர் அமெரிக்க பாப்டிஸ்ட் சபையின் மண்டபத்தை வாடகைக்கு எடுத்து ஞாயிறு பிற்பகலில் ஆராதனை நடத்துகிறோம். எங்கள் ஊரில் பள்ளிவாசல் கட்ட நகராட்சியிடம் விண்ணப்பம் வந்திருக்கிறது. அதை மறுக்கக் கோரி அந்தச் சபையார் ஒரு மனு தயாரித்து, எங்களிடமும் கையெழுத்துக் கேட்கிறார்கள். "இஸ்லாம் சமயமல்ல, அரசியல் இயக்கம், பள்ளிவாசல் வந்தால் ஷரியா சட்டம் பின்னால் வரும், இது கிறிஸ்தவ நாடு" என்பது மனுவின் சாரம். ஆராதனைக்குப் பின் ஒரு காணொளியும் போட்டுக் காட்டினார்கள். என் கணவரும் எங்கள் பாஸ்டரும் கையெழுத்திட்டுவிட்டார்கள். நான் இடவில்லை. என் தாய்வழிச் சொந்தங்கள் மட்டக்களப்பில் இருக்கிறார்கள். "2019 ஈஸ்டரில் சீயோன் சபையில் செத்த பிள்ளைகளை அதற்குள் மறந்துவிட்டாயா?" என்று சபை மூப்பர் ஒருவர் எல்லார் முன்னிலையிலும் கேட்டார். என் மகளின் நெருங்கிய தோழி ஒரு முஸ்லிம் பிள்ளை. நான் செய்தது சரியா, என் சபைக்கு நான் விரோதியா என்று தெரியாமல் தவிக்கிறேன். பெயர் வெளியிட வேண்டாம்.

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

நீங்கள் செய்தது சரி. அந்த மனுவில் இனியும் கையெழுத்திட வேண்டாம். வழிபாட்டிடங்களுக்கான அனுமதி வழக்குகளை நடத்திவரும் வழக்கறிஞன் என்ற முறையில் மட்டும் இதை நான் சொல்லவில்லை. சபையின் மடியில் வளர்ந்து இன்றும் ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குச் செல்பவன் என்ற முறையிலும் சொல்கிறேன்.

உங்கள் உரிமை எதுவரை செல்கிறது என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வோம். இயேசுவின் தெய்வத்துவத்திலும் சிலுவை மரணத்திலும் கிறிஸ்தவமும் இஸ்லாமும் நேர் எதிரான நிலைப்பாடு கொண்டவை. அதைப் பிரசங்கத்தில் சொல்வதற்கும், இஸ்லாமியக் கோட்பாட்டைக் கடுமையாக விமர்சிப்பதற்கும், முஸ்லிம் அண்டை வீட்டாரிடம் உங்கள் விசுவாசத்தை அறிக்கையிடுவதற்கும் உங்களுக்கு முழு உரிமை உண்டு. அவருக்கும் அதே உரிமை உண்டு. இதைச் சகிப்பின்மை என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். ஆனால் உங்கள் கையிலுள்ள மனு முஸ்லிம்களிடம் எதையும் சொல்லவில்லை, நகராட்சியிடம் பேசுகிறது. ஒரு சமயத்தார் தொழுவதற்கு அரசு இடம் கொடுக்கக் கூடாது என்று கேட்கிறது. கருத்து வேறுபாடு அரசதிகாரத்தைத் துணைக்கு அழைக்கும் அந்த இடத்தில்தான் சமயப் பற்று தீவிரவாத அரசியலாக மாறத் தொடங்குகிறது.

சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்பதை உங்கள் பாஸ்டர் அறிந்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகமே. 2000ஆம் ஆண்டில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் எதிர்ப்பின்றி ஒரு சட்டத்தை நிறைவேற்றின. முதலெழுத்துகளைச் சேர்த்து ‘ஆர்லூபா’ என்று நாங்கள் அதை அழைக்கிறோம். நிலப் பயன்பாட்டு விதிகளைக் காட்டி ஒரு வழிபாட்டிடத்துக்கு நியாயமற்ற சுமையை ஏற்றக் கூடாது, ஒரு சமயத்துக்கு ஒரு விதி மற்றொன்றுக்கு வேறு விதி என்று நடத்தக் கூடாது என்பது அதன் உள்ளடக்கம். அதற்காகப் பாடுபட்டவர்களில் கிறிஸ்தவ அமைப்புகள் பல இருந்தன, ஏனெனில் ஊர் நகராட்சிகளால் அலைக்கழிக்கப்பட்ட சிறு சபைகள் ஏராளமாக இருந்தன. நாளை உங்கள் தமிழ்ச் சபை ஓர் இடம் வாங்கி ஆலயம் கட்ட முனைந்து, பக்கத்துத் தெருக்காரர்கள் "அந்நியர் கூட்டம் வேண்டாம்" என்று கிளம்பினால், நான் உங்களுக்காக நீதிமன்றத்தில் எடுத்துச் செல்லப்போகும் சட்டம் அதுதான்.

நியூஜெர்சி மாநிலத்தில் பாஸ்கிங் ரிட்ஜ் என்னும் ஊரில் நடந்ததைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் இத்தகைய எதிர்ப்பு நடைமுறையில் எந்த உருவில் வருகிறது என்பதை அது அப்படியே காட்டுகிறது. அங்குள்ள முஸ்லிம்கள் ஒரு சிறு பள்ளிவாசலுக்கு விண்ணப்பித்தார்கள். ஏறத்தாழ நான்கு ஆண்டுகளில் 39 பொது விசாரணைகள் நடந்தன. அந்த ஊரில் கிறிஸ்தவ ஆலயமோ யூத ஆலயமோ கட்டினால் மூன்று பேருக்கு ஒரு வாகன நிறுத்தம் போதும். அந்தக் கணக்குப்படி பள்ளிவாசலுக்கு 50 இடங்கள் போதுமானவை. திட்டக் குழுவோ 107 இடங்கள் வேண்டும் என்றது. நிறுத்துமிடத்தைப் பெரிதாக்கினால் மழைநீர் வடிகாலில் சிக்கல், வடிகாலைச் சரிசெய்தால் வேலியில் சிக்கல் என்று போய், 2015 டிசம்பரில் விண்ணப்பம் மறுக்கப்பட்டது. யாரும் வாய்திறந்து "முஸ்லிம்கள் வேண்டாம்" என்று தீர்மானம் எழுதவில்லை. எல்லாம் சிமென்டும் தண்ணீரும் பற்றிய பேச்சாகவே இருந்தன. 2016 டிசம்பர் 31 அன்று கூட்டரசு நீதிமன்றம் அந்த வாகனக் கணக்கைச் சட்ட விரோதமான பாகுபாடு என்றது. 2017 மே மாதத்தில் நகராட்சி 32.5 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. பள்ளிவாசலுக்கு அனுமதியும் கொடுத்தது.

டென்னசி மாநிலத்தின் மர்ஃப்ரீஸ்பரோவில் நடந்தது இதைவிட வெளிப்படையானது. 2010இல் பள்ளிவாசலுக்கு ஒப்புதல் கிடைத்ததும் அறிவிப்புப் பலகையைச் சேதப்படுத்தினார்கள். அந்த ஆகஸ்டில் கட்டுமான இயந்திரத்துக்குத் தீ வைத்தார்கள். உங்கள் மனுவில் உள்ள அதே வாசகம், அதாவது இஸ்லாம் ஒரு சமயமே அல்ல என்ற வாதம், அங்கே நீதிமன்றத்தில் முன்வைக்கப்பட்டது. அமெரிக்க நீதித்துறை, அதாவது கூட்டரசின் சட்ட அமைச்சகம், குறுக்கிட்டு, இஸ்லாம் ஒரு சமயந்தான் என்று நீதிமன்றத்துக்கு எழுதித்தர வேண்டிய நிலை ஏற்பட்டது. 2012 ஆகஸ்டில் பள்ளிவாசல் திறக்கப்பட்டது. எதிர்த்தவர்களின் கடைசி முறையீட்டை 2014இல் உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது. இந்த வாதத்தின் ஆபத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். எது சமயம் எது சமயமல்ல என்று அறிவிக்கும் அதிகாரத்தை அரசிடம் கொடுத்துவிட்டால், அது முஸ்லிம்களோடு நின்றுவிடும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே ஃபார்மர்ஸ்வில் இருக்கிறது. 2015இல் அங்கே முஸ்லிம்கள் இறந்தோரை அடக்கம் செய்ய ஒரு மையவாடிக்கு நிலம் வாங்கியபோது ஊரார் திரண்டு எதிர்த்தார்கள். எதிர்ப்புக் குரல்களில் ஒன்று ஒரு போதகருடையது. நகராட்சி அனுமதி மறுத்தது. அமெரிக்க நீதித்துறை விசாரித்தது. 2019இல் ஓர் உடன்படிக்கையின் பேரில் நகராட்சி இறங்கி வந்தது. செத்தவர்களைப் புதைக்க ஆறடி மண் கேட்டதற்கு இத்தனை ஆண்டுகள். இறந்தோரை நல்லடக்கம் செய்வதைப் பரிசுத்தமான கடமையாகக் கருதும் ஒரு விசுவாசத்தின் பெயரால் இது நடந்தது என்பது எனக்கு இன்றும் ஆறாத வேதனை. 2025இல் பிளேனோ நகரப் பள்ளிவாசலைச் சார்ந்தோர் ஒரு குடியிருப்புத் திட்டம் அறிவித்தபோது, ஒரு செங்கல்கூட வைக்கப்படுவதற்கு முன்பே மாநில அரசு பல விசாரணைகளைத் தொடங்கியதை நீங்கள் நேரில் கண்டிருப்பீர்கள். அமெரிக்க நீதித்துறையும் ஒரு விசாரணை நடத்தி, அதே ஆண்டு ஜூனில் வழக்கு ஏதும் தொடுக்காமல் முடித்துக்கொண்டது. உங்கள் சபையில் போடப்பட்ட காணொளி அந்தக் கொந்தளிப்பிலிருந்து வந்ததாகவே இருக்கும்.

ஷரியா பற்றிய அச்சத்துக்கு வருகிறேன். அதை நம்பும் எல்லோரையும் நான் வெறுப்பாளர்கள் என்று சொல்லவில்லை. திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டதை நம்பிவிட்டவர்களே அதிகம். 2010இல் ஓக்லஹோமா மாநிலத்தில், நீதிமன்றங்கள் ஷரியாவைக் கருத்தில் கொள்ளக் கூடாது என்ற அரசியலமைப்புத் திருத்தம் வாக்கெடுப்புக்கு விடப்பட்டு ஏறத்தாழ 70 சதவீத ஆதரவோடு நிறைவேறியது. அதை எதிர்த்து ஒரு முஸ்லிம் குடிமகன் வழக்குத் தொடுத்தார். மாநிலத்தில் எந்த நீதிமன்றமாவது ஷரியாவைப் பயன்படுத்திய ஒரே ஒரு நிகழ்வைக் காட்ட முடியுமா என்ற கேள்விக்கு, அப்படி ஒன்றுகூடத் தங்களுக்குத் தெரியாது என்று அரசுத் தரப்பே ஒப்புக்கொண்டது. திருத்தத்துக்குக் கீழ் நீதிமன்றம் விதித்த தடையை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2012 ஜனவரியில் உறுதி செய்தது. 2013இல் திருத்தம் நிரந்தரமாகவே முடக்கப்பட்டது. இல்லாத ஒன்றைத் தடுக்கும் சட்டத்துக்கு இருக்கக்கூடிய ஒரே பயன், இருக்கும் மனிதர்களை அச்சுறுத்துவது.

முஸ்லிம்கள் தங்களுக்குள் திருமண, வணிகத் தகராறுகளை மத்தியஸ்தத்தில் தீர்த்துக்கொள்வதை ‘ஷரியா நீதிமன்றம்’ என்று காணொளியில் காட்டியிருக்கலாம். 1925ஆம் ஆண்டின் மத்தியஸ்தச் சட்டத்தின்கீழ் யூதர்களின் சமய மன்றங்களும் கிறிஸ்தவ சமரச அமைப்புகளும் அதையே செய்கின்றன. இருதரப்பும் மனமுவந்து ஒப்புக்கொண்டால்தான் அது செல்லும். சட்டத்துக்கோ பொதுநலக் கொள்கைக்கோ முரணாக இருந்தால் நீதிமன்றம் அதைத் தூக்கியெறியும்.

‘முஸ்லிம்கள் பிறசமயத்தாரிடம் பொய் சொல்ல மார்க்கம் அனுமதிக்கிறது’ என்ற குற்றச்சாட்டும் அந்தக் காணொளியில் நிச்சயம் இருந்திருக்கும். இத்தகைய எல்லாக் காணொளிகளிலும் அது இருக்கிறது. உயிருக்கு ஆபத்து வரும்போது தன் விசுவாசத்தை மறைத்துக்கொள்வது பற்றிய ஒரு பழைய விவாதத்தை, குறிப்பாகத் துன்புறுத்தப்பட்ட ஷியாக்களிடையே வளர்ந்த ஒன்றை, எல்லா முஸ்லிம்களின் அன்றாட வழக்கமாகத் திரித்து எழுந்த குற்றச்சாட்டு இது. வழக்கறிஞனாக எனக்கு இதில் பயங்கரமாகப் படுவது வேறு. குற்றம் சாட்டப்பட்டவர் மறுத்தால், மறுப்பே குற்றத்துக்குச் சான்றாகிவிடுகிறது. எந்தச் சாட்சியாலும் பொய்யாக்க முடியாதபடி வடிவமைக்கப்பட்ட குற்றச்சாட்டை எந்த நேர்மையான மன்றமும் ஏற்காது. "பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக" என்ற கட்டளை சபையின் சுவரில் தொங்குவதற்காகக் கொடுக்கப்பட்டதல்ல. அந்த மனு ஒரு பொது ஆவணம். அதன் கீழே உங்கள் பெயரை எழுதினால், அதிலுள்ள ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நீங்கள் சாட்சி.

இனி, ‘இது கிறிஸ்தவ நாடு’ என்ற கூற்று. உங்களுக்கு மண்டபம் தந்திருப்பது பாப்டிஸ்ட் சபை என்பதால் இதைச் சொல்லாமல் விட முடியவில்லை: இந்தக் கூற்றுக்கு எதிராக மிக அதிக விலை கொடுத்தவர்கள் பாப்டிஸ்டுகளே. 1612இல், ஆங்கிலேய பாப்டிஸ்டுகளின் முன்னோடியான தாமஸ் ஹெல்விஸ், மனிதரின் ஆத்துமாவின்மேல் அரசருக்கு அதிகாரமில்லை என்று மன்னர் முதலாம் ஜேம்சுக்கே எழுதினார். அந்தச் சுதந்திரம் மாற்றுக் கோட்பாட்டாருக்கும், யூதருக்கும், துருக்கியர் என்று அந்நாளில் அழைக்கப்பட்ட முஸ்லிம்களுக்கும் உரியது என்று பெயர் சொல்லி எழுதினார். சிறையிலேயே மாண்டார். 1760களிலும் 70களிலும் வர்ஜீனியாவில் அரசு உரிமம் இன்றிப் பிரசங்கித்த பாப்டிஸ்ட் போதகர்கள் சிறையில் அடைக்கப்பட்டார்கள். கல்பெப்பர் சிறையில் இருந்த ஒருவர் சன்னல் கம்பிகளின் வழியே வெளியே நின்ற கூட்டத்துக்குப் பிரசங்கம் செய்தார். அவர்களை அடைத்தது நாத்திக அரசு அல்ல. கிறிஸ்தவத் திருச்சபையை அரசு சமயமாக வைத்திருந்த ஆட்சி. 1786இல் வர்ஜீனியாவின் சமய சுதந்திரச் சட்டம் நிறைவேறியபோது பாப்டிஸ்டுகள் அதன் பின்னே நின்றார்கள். அச்சட்டத்தை எழுதிய, பின்னாளில் அதிபரான ஜெஃபர்சன், அதன் பாதுகாப்பு யூதர், கிறிஸ்தவர், முகமதியர், இந்து என எல்லோரையும் அணைத்துக்கொள்ள வேண்டும் என்பதே நோக்கம் என்று பின்னாளில் தன் நினைவுக் குறிப்பில் பதிந்தார். 1797இல் செனட் ஒருமனதாக ஏற்று, அதிபர் ஜான் ஆடம்ஸ் கையெழுத்திட்ட, வட ஆப்பிரிக்காவின் திரிப்போலி அரசோடு செய்த உடன்படிக்கையின் 11ஆம் பிரிவு, அமெரிக்க அரசு எவ்வகையிலும் கிறிஸ்தவ மதத்தின் மேல் நிறுவப்பட்டதல்ல என்று பட்டவர்த்தனமாகக் கூறுகிறது. மக்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர் என்பது வேறு, அரசு கிறிஸ்தவ அரசு என்பது வேறு.

இந்த மரபு முற்றிலும் அற்றுப்போய்விடவில்லை. பாஸ்கிங் ரிட்ஜ் வழக்கில் முஸ்லிம்களுக்கு ஆதரவாக நீதிமன்றத்தில் கருத்துரை தாக்கல் செய்தவர்களுள் ‘தென் பாப்டிஸ்ட் மாநாடு’ என்னும் அமெரிக்க பாப்டிஸ்ட் சபைகளின் கூட்டமைப்பைச் சேர்ந்த சமய சுதந்திர அமைப்பும் ஒன்று. 2016இல் செயின்ட் லூயிஸில் நடந்த அக்கூட்டமைப்பின் கூட்டத்தில் ஒரு போதகர் எழுந்து, பள்ளிவாசல் கட்டும் உரிமையை ஒரு பாப்டிஸ்ட் எப்படி ஆதரிக்கலாம் என்று கேட்டார். அந்த அமைப்பின் தலைவராக இருந்த ரசல் மூர், பாப்டிஸ்டாக இருப்பதன் பொருளே எல்லோருக்கும் ஆத்தும சுதந்திரத்தை ஆதரிப்பது என்றும், பள்ளிவாசலைத் தடுக்கும் அதிகாரம் பெற்ற அரசு நாளை பாப்டிஸ்ட் ஆலயத்தையும் தடுக்கும் என்றும் பதிலளித்தார். கைதட்டலும் கிடைத்தது, பிறகு பெரும் கண்டனமும் கிடைத்தது. அடுத்த ஆண்டே, அதே கருத்துரையில் சேர்ந்திருந்த அக்கூட்டமைப்பின் மிஷன் வாரியத் தலைவர் மன்னிப்புக் கோர நேர்ந்தது. சபைக்குள்ளேயே இந்தப் போராட்டம் நடந்துகொண்டிருக்கிறது என்பதை நீங்கள் அறிய வேண்டும்; சபைக்கு விரோதமாக நீங்கள் ஒருவர் தனியே நிற்கவில்லை.

அப்படியானால் இன்றைய நிலை எப்படி உருவானது? 1979இல் போதகர் ஜெரி ஃபால்வெல் முன்னின்று தொடங்கிய ‘மாரல் மெஜாரிட்டி’ அமைப்பு, அரசியலில் இருந்து ஒதுங்கியிருந்த பெருந்திரளான சுவிசேஷ சபைகளை வாக்கு வங்கியாகத் திரட்டியது. பனிப்போர்க் காலத்தில் கம்யூனிசம் அவர்களுக்குப் பொது எதிரியாக இருந்தது. அது சரிந்தபின் காலியாக நின்ற அந்த இடத்தில், 2001 செப்டம்பர் 11க்குப் பிறகு இஸ்லாம் நிறுத்தப்பட்டது. முஸ்லிம்களுக்கு எதிரான வெறுப்புக் குற்ற நிகழ்வுகளாக எஃப்பிஐ பதிவு செய்தவை 2000இல் 28, 2001இல் 481. தாக்குதல் நடந்த நான்காம் நாளே அரிசோனாவில் பல்பீர் சிங் சோதி என்ற சீக்கியர், தலைப்பாகையையும் தாடியையும் கண்டு முஸ்லிம் என்று கருதப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டார். அன்றைய அதிபர் புஷ் வாஷிங்டன் பள்ளிவாசலுக்கே சென்று முஸ்லிம் குடிமக்களுக்காகப் பேசினார் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் பிரசங்க பீடங்கள் வேறு திசையில் போயின. 2002இல் ஃபால்வெல் தொலைக்காட்சியில் நபிகளைப் பயங்கரவாதி என்றார். அந்தச் சொல் எழுப்பிய கொந்தளிப்பில் மகாராஷ்டிரத்தின் சோலாப்பூரில் கலவரம் மூண்டு உயிர்கள் போயின. 2011 மார்ச்சில், ஃபுளோரிடாவில் மிகச் சிறிய ஒரு சபையின் போதகர் முன்னின்று குர்ஆனை எரிக்கச் செய்தார். ஏப்ரல் 1 அன்று ஆப்கானிஸ்தானின் மசார்-இ-ஷரீஃபில் ஐநா அலுவலகத்துக்குள் புகுந்த கும்பல் 7 வெளிநாட்டுப் பணியாளர்களைக் கொன்றது. கொன்ற பாவம் கொன்றவர்களையே சேரும். ஆயினும் தன் செயலால் விளையக்கூடியது என்ன என்று பல மாதங்கள் எச்சரிக்கப்பட்டும் எரிக்கச் செய்தவர் ஒரு மேய்ப்பர் என்பதை நான் கடந்துபோக முடியவில்லை.

தீவிரவாதம் என்ற சொல்லை நான் அளந்தே பயன்படுத்துகிறேன். மனுவில் கையெழுத்திட்ட உங்கள் கணவரோ பாஸ்டரோ தீவிரவாதிகள் அல்லர். பழமைப் பற்றுள்ள கிறிஸ்தவராக இருப்பதும் தீவிரவாதம் அன்று. அரசு ஒரு சமயத்தாருக்கே உரியது, மற்றவர்கள் அவர்கள் தயவில் இருப்பவர்கள் என்ற கொள்கைதான் தீவிரம். அக்கொள்கை பொறுமை இழக்கும்போது ஆயுதம் எடுக்கிறது. 2016இல் கான்சஸ் மாநிலத்தின் கார்டன் சிட்டியில், சோமாலிய முஸ்லிம் குடும்பங்கள் வாழ்ந்த அடுக்குமாடிக் குடியிருப்பையும் அதனுள் இருந்த தொழுகை அறையையும் குண்டுவைத்துத் தகர்க்கத் திட்டமிட்ட மூன்று பேர் கைதானார்கள். தங்கள் குழுவுக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் ‘சிலுவைப் போராளிகள்’. 2019இல் அவர்களுக்கு 25 முதல் 30 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை கிடைத்தது.

இது முஸ்லிம்களோடு முடிகிற விஷயமும் அல்ல என்பதை உங்கள் ஊர்த் தமிழர் அனைவரும் உணர வேண்டும். 2007இல் அமெரிக்க செனட்டில் முதன்முறையாக ஓர் இந்துப் பிரார்த்தனை சொல்லப்பட்டபோது பார்வையாளர் மாடத்திலிருந்து கிறிஸ்தவப் போராட்டக்காரர்கள் கூச்சலிட்டு இடைமறித்தார்கள். 2024இல் ஹூஸ்டனை அடுத்த சுகர் லாண்டில் அஷ்டலட்சுமி ஆலயத்தில் 90 அடி அனுமன் சிலை எழுந்தபோது எதிர்ப்பு வந்தது. 2025இல் செனட் தேர்தலில் நிற்க முனைந்த ஒருவர் அதைப் பொய்த் தெய்வத்தின் சிலை என்றும் நாம் கிறிஸ்தவ நாடு என்றும் வெளிப்படையாக எழுதினார். உங்கள் மனுவில் இருக்கும் அதே வாசகம்.

மட்டக்களப்புக்கு வருகிறேன். மூப்பரின் கேள்வி உங்களைக் குத்தியிருக்கும். அதைச் சட்ட வாதத்தால் ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. 2019 ஈஸ்டர் ஞாயிறன்று இஸ்லாமியத் தீவிரவாதிகள் நடத்திய தற்கொலைக் குண்டுத் தாக்குதலில், சீயோன் சபையில் ஞாயிறு பள்ளி முடித்து வந்த குழந்தைகள் பலர் மாண்டார்கள். இலங்கை முழுவதும் 260க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அந்தத் துயரத்தை யாரும் உங்களிடம் சிறிதாக்கிப் பேச அனுமதிக்காதீர்கள். பாகிஸ்தானில் ஆசியா பீபி என்ற கிறிஸ்தவப் பெண் செய்யாத மதநிந்தனைக் குற்றத்துக்காக மரண தண்டனையோடு ஆண்டுக்கணக்கில் சிறையில் கிடந்து 2018இல் விடுதலையானதும், 2015இல் லிபியக் கடற்கரையில் 20 எகிப்தியக் காப்டிக் கிறிஸ்தவரும் அவர்களோடு நின்ற ஒரு கானா நாட்டவரும் கழுத்தறுக்கப்பட்டதும் உண்மை. இவற்றைப் பேசத் தயங்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் ஈஸ்டர் படுகொலையின் முழு வரலாற்றையும் மூப்பர் அறிந்திருக்க வேண்டும். அதற்குத் தலைமை தாங்கிய சஹ்ரான் காத்தான்குடியைச் சேர்ந்தவன். அவனைப் பற்றி முதலில் காவல்துறையிடம் முறையிட்டவர்கள் அதே ஊர் முஸ்லிம்கள். 2017இலேயே அவனுடைய கூட்டம் அங்குள்ள சூஃபி முஸ்லிம்களைத் தாக்கியிருந்தது. அவர்கள் சொன்னதை அரசு கேட்டிருந்தால் அந்தப் பிள்ளைகள் இன்று இருந்திருக்கலாம். குண்டுவெடிப்புக்குப் பின், தன் மந்தையின் உடல்கள் கிடந்த நாட்களில், கொழும்புப் பேராயர் கர்தினால் மல்கம் ரஞ்சித், முஸ்லிம்கள்மேல் கை வைக்காதீர்கள் என்று மக்களைக் கேட்டுக்கொண்டார். மே மாதத்தில் கும்பல்கள் மினுவாங்கொடையில் முஸ்லிம் கடைகளை எரித்தன. புத்தளம் மாவட்டத்தில் ஒரு முஸ்லிம் தச்சரை அவருடைய பட்டறையிலேயே வெட்டிக் கொன்றன. அந்தத் தச்சர் எந்தப் பிள்ளையைக் கொன்றார்? டெக்சஸில் தொழ இடம் கேட்கும் பொறியாளரும் மருத்துவரும் கடைக்காரரும் யாரைக் கொன்றார்கள்? பாகிஸ்தானிலும் எகிப்திலும் ஆலயம் கட்ட அனுமதி கிடைக்காமல் அலையும் கிறிஸ்தவர்களுக்காக நாம் குரல் கொடுக்கிறோம். பெரும்பான்மைக்குப் பிடிக்கவில்லை என்ற காரணத்தால் அனுமதி மறுக்கலாம் என்று இங்கே நாம் கையெழுத்திட்டால், அங்கே அவர்களை ஒடுக்குவோருக்கு நாமே வாதம் எழுதிக் கொடுத்தவர்களாவோம்.

இனி நடைமுறை. கணவரிடம் வாதாட வேண்டாம். மனுவை அவரோடு உட்கார்ந்து வரிவரியாக வாசியுங்கள். "இந்த வரி உண்மையென்று நமக்குத் தெரியுமா?" என்று மட்டும் ஒவ்வொரு வரிக்கும் கேளுங்கள். கையெழுத்தைத் திரும்பப் பெற விரும்பினால், மனுவை அளித்தவர்களுக்கும் நகராட்சிச் செயலாளருக்கும் ஒரு சிறு கடிதம் எழுதினாலே போதும். போக்குவரத்து நெரிசலோ மழைநீர் வடிகாலோ உண்மையான கவலையாக இருந்தால், அதைத் தனியே எழுதிக் கொடுங்கள். ஆலயத்துக்கு எந்த விதியோ அதே விதியை இதற்கும் பயன்படுத்துங்கள் என்று கேட்பதில் தவறே இல்லை.

பாஸ்டரிடம் தனியாகப் பேசுங்கள், மூப்பர்கள் கூடியிருக்கும்போது அல்ல. மண்டபம் கைவிட்டுப் போய்விடும் என்ற பயத்தில் அவர் கையெழுத்திட்டிருக்கலாம். அந்தப் பயம் ஆதாரமற்றது என்று என்னால் சொல்ல முடியாது. வாடகை ஒப்பந்தக் காலம் முடிந்தபின் உங்களுக்குத் தொடர்ந்து இடம் தரவேண்டும் என்று அந்தச் சபையைச் சட்டம் கட்டாயப்படுத்தாது. ஆகவே ஒப்பந்தம் எப்போது முடிகிறது, எத்தனை நாள் முன்னறிவிப்புத் தரவேண்டும் என்பதைப் பாருங்கள். சபைகளுக்கு வார இறுதியில் அரங்கை வாடகைக்கு விடும் பள்ளிக்கூடங்கள் பல இருக்கின்றன, இப்போதே விசாரித்து வையுங்கள். அவரிடம் இதையும் சொல்லுங்கள்: இந்த மனுவைக் காரணமாக வைத்து நகராட்சி அனுமதி மறுத்தால், மனுவே நீதிமன்றத்தில் பாகுபாட்டுக்கான சான்றாவணமாகும். இழப்பீடு உங்கள் எல்லோரின் வரிப்பணத்திலிருந்து போகலாம். மனுவில் இருக்கும் பெயர்கள் பொதுப் பதிவேட்டில் நிலைத்துவிடும், ஒரு தமிழ்ச் சபையின் பெயர் உட்பட.

நகராட்சியின் பொது விசாரணை நாளில் முடிந்தால் நீங்களே செல்லுங்கள். வாசலில் ஒரு சீட்டில் பெயர் எழுதிக் கொடுத்தால் பேச அழைப்பார்கள். வழக்கமாக மூன்று நிமிடம் தருவார்கள். நீங்கள் ஒரு கிறிஸ்தவப் பெண் என்பதையும், உங்கள் சொந்தங்கள் மட்டக்களப்பில் இருப்பதையும், உங்கள் சபை இன்னும் வாடகை இடத்தில் ஆராதிப்பதையும், எல்லா வழிபாட்டிடங்களுக்கும் ஒரே விதி வேண்டும் என்பதையும் சொன்னால் அந்த நேரம் போதும். பேசத் தயக்கமாக இருந்தால் அதையே எழுதி முன்கூட்டி அனுப்பலாம், அதுவும் பதிவாகும்.

உங்கள் மகளிடம் நடப்பதை மறைக்காதீர்கள். அவளுடைய தோழியின் வீட்டில் இந்த மனுவைப் பற்றி ஏற்கெனவே தெரிந்திருக்கும். அந்தப் பிள்ளையின் தாயை நீங்கள் இதுவரை சந்திக்கவில்லை என்றால், விசாரணை நாளுக்கு முன்பு ஒரு முறை போய்ப் பாருங்கள்.